ஒரே உறையில் ரெண்டு கத்தி! கொள்கை மோதும் தலைவர்கள் அதிபர் தேர்தலில் ஜோடி சேர முடியுமா?

மன்னார்குடி:

திருவாரூர் மாவட்டம் மன்னார்குடி அருகே உள்ளது துளசேந்திரபுரம் கிராமம். 2020 நவம்பரிலும், 2021 ஜனவரியிலும் இந்த சின்ன ஊர் திருவிழாக்கோலம் பூண்டது. வீட்டு வாசல்களில் வாழ்த்து கோலம் போட்டார்கள். தர்ம சாஸ்தா கோவிலில் சிறப்பு பூஜை நடந்தது. பட்டாசு வெடித்து இனிப்பு கொடுத்தார்கள். இந்த ஊரில் பிறந்த பி.வி.கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ் அமெரிக்காவின் துணை அதிபர் ஆனதுதான் காரணம்.

அந்த சந்தோஷத்தில் பலர் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. யாருடன் ஜோடி சேர்ந்து கமலா ஜெயித்தாரோ, அதே ஜோ பைடனை ஒரு வருஷத்துக்கு முன்புதான் மேடையிலேயே வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினார்.

2019-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, மியாமி நகரம். ஜனநாயக கட்சியில் அதிபர் வேட்பாளர் ஆக விரும்பியவர்கள் டி.வி. விவாதத்தில் கலந்துகொண்டனர். கறுப்பின குழந்தைகளையும், வெள்ளை குழந்தைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்க அரசே பஸ் விட்டு அழைத்துப்போன திட்டம் ஒரு காலத்தில் இருந்தது. அதை பைடன் அந்த காலத்தில் எதிர்த்தவர். அப்படி பஸ்சில் பள்ளிக்கூடம் போன குழந்தைகளில் கமலாவும் ஒருவர். "அந்த சின்னப்பொண்ணு நான்தான்" என்று கமலா சொன்னதும் பைடன் தடுமாறிப்போனார்.

மருத்துவ காப்பீட்டிலும் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லா மக்களுக்கும் அரசே காப்பீடு தர வேண்டும் என்ற மசோதாவை 2017-ல் ஆதரித்து கையெழுத்து போட்டவர் கமலா. அது வேண்டாம், இருக்கிற திட்டத்தையே பெரிதாக்கினால் போதும் என்றவர் பைடன். பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் தொழிலை தடை செய்வேன் என்றார் கமலா. தடை கிடையாது என்றார் பைடன்.

ஆனால் 2020 ஆகஸ்டு 11-ந் தேதி பைடன் தன் ஜோடியாக அறிவித்தது கமலாவைத்தான். நவம்பரில் ரெண்டு பேரும் ஜெயித்தார்கள்.

எதிரும் புதிருமாக நின்றவர்கள் ஒரே மேடையில் கை கோர்த்தது எப்படி? வெறும் சண்டைக்காரர்கள் என்றால் சமாதானம் ஆகலாம். அடிப்படை கொள்கையே வேறு வேறு என்றால்? ஒரே உறையில் ரெண்டு கத்தி இருக்குமா? ஒவ்வொரு அமெரிக்க தேர்தலிலும் தலைதூக்கும் கேள்வி இது. 200 வருஷத்துக்கு மேற்பட்ட அந்த நாட்டு வரலாறு இதற்கு பதில் வைத்திருக்கிறது.

ஒரு ஓட்டு, ரெண்டு பேர்

முதலில் அங்கே தேர்தல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் அதிபரும், துணை அதிபரும் ஜோடியாகத்தான் நிற்கிறார்கள். ஓட்டுச்சீட்டில் ரெண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் பிடிக்கிறது, இன்னொரு கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பிடிக்கிறது என்று பிரித்து ஓட்டு போட முடியாது. எடுத்தால் ரெண்டு பேரும், விட்டால் ரெண்டு பேரும்.

மொத்தம் 538 எலெக்டர் ஓட்டுகள். இதை மாநிலங்களுக்கு பிரித்து கொடுத்திருக்கிறார்கள். 270 கிடைத்தால் வெற்றி.

ஜெயித்தபிறகு துணை அதிபருக்கு என்ன வேலை? செனட் சபைக்கு தலைமை தாங்குவார். அங்கே ஓட்டு சரிசமமாக வந்தால் தன் ஓட்டைப் போட்டு முடிவு செய்வார். இப்படி 33 தடவை ஓட்டு போட்டு கமலா ஹாரிஸ் சாதனை படைத்தார். மற்றபடி அதிபர் எந்த வேலையைக் கொடுக்கிறாரோ அதுதான் வேலை. சொந்தமாக உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது.

நம்ம ஊர் கூட்டணிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இங்கே கூட்டணி கட்சிக்கு கொள்கை ஒத்துவராவிட்டால் ஆதரவை வாபஸ் வாங்கலாம். 2008 ஜூலையில் அணுசக்தி ஒப்பந்த பிரச்சினையில் இடதுசாரி கட்சிகள் மன்மோகன்சிங் அரசுக்கு கொடுத்த ஆதரவை வாபஸ் வாங்கின. அமெரிக்க துணை அதிபரால் அப்படி மிரட்ட முடியாது. அவர் வெளியே போனாலும் அதிபர் நாற்காலி ஆடாது.

அதே சமயம், அதிபராலும் துணை அதிபரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. மந்திரியை ஒரே உத்தரவில் நீக்கலாம். துணை அதிபர் மக்கள் ஓட்டில் வந்தவர், 4 வருஷம் கூடவே இருப்பார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தித்தான் ஆக வேண்டும்.

சட்டமே சேர்த்து வைத்த ஜோடி

அமெரிக்காவின் ஆரம்ப காலத்தில் எதிரிகளை சட்டமே ஜோடி சேர்த்து வைத்தது. அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர், அடுத்த இடம் பிடித்தவர் துணை அதிபர் என்பதுதான் அன்றைய விதி.

1796-ம் ஆண்டு தேர்தலில் ஜான் ஆடம்சுக்கு 71 எலெக்டர் ஓட்டு. அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெபர்சனுக்கு 68. விதிப்படி ஆடம்ஸ் அதிபர் ஆனார், தோற்ற ஜெபர்சன் துணை அதிபர் ஆனார். மத்திய அரசு பலமாக இருக்க வேண்டும் என்பது ஆடம்ஸ் கட்சியின் கொள்கை. அதிகாரம் மாநிலங்களிடம் இருக்க வேண்டும் என்பது ஜெபர்சன் கொள்கை.

குடித்தனம் எப்படி நடந்திருக்கும்? 1798-ல் ஆடம்ஸ் அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. அரசுக்கு எதிராக அவதூறாக எழுதினால் ஜெயில் என்றது அந்த சட்டம். பத்திரிகை ஆசிரியர்கள் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். அதே சட்டத்தை எதிர்த்து கென்டக்கி மாநில சபைக்கு ரகசியமாக தீர்மானம் எழுதிக் கொடுத்தவர் யார் தெரியுமா? துணை அதிபர் நாற்காலியில் இருந்த ஜெபர்சனேதான்.

அடுத்த தேர்தலில் இன்னும் பெரிய கூத்து. 1800-ல் ஜெபர்சனும், அவர் கட்சியைச் சேர்ந்த ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 ஓட்டு வாங்கினார்கள். யார் அதிபர் என்பதில் சிக்கல். பிரதிநிதிகள் சபையில் 36 சுற்று ஓட்டெடுப்பு நடந்து, 1801 பிப்ரவரி 17-ந் தேதிதான் ஜெபர்சன் தேர்வானார்.

போதும்டா சாமி என்று 1804-ல் அரசியல் சட்டத்தை திருத்தினார்கள். அதிபருக்கு தனி ஓட்டு, துணை அதிபருக்கு தனி ஓட்டு என்று எலெக்டர்கள் போடும் முறை வந்தது. கட்சிகளும் ஜோடியாக ஆளை நிறுத்த ஆரம்பித்தன. அதற்கு பிறகு எதிரும் புதிருமானவர்கள் சேர்ந்தால் அது சட்டத்தின் கட்டாயம் இல்லை. அவர்களே விரும்பி போட்ட கணக்கு.

கை கொடுத்த டெக்சாஸ்

அந்த கணக்கு ஓட்டுக்கணக்குதான். தனக்கு ஓட்டு விழாத இடத்தில் யாருக்கு விழுமோ, அவரை அதிபர் வேட்பாளர் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

1960-ம் ஆண்டு இதற்கு நல்ல உதாரணம். ஜான் கென்னடி வடகிழக்கில் உள்ள மாசாசூசெட்ஸ் மாநிலத்துக்காரர், கத்தோலிக்கர், இளைஞர். தென் மாநிலங்களில் அவருக்கு ஓட்டு விழுமா என்ற பயம் இருந்தது. அதனால் டெக்சாஸ் மாநில செனட்டர் லிண்டன் ஜான்சனை ஜோடி சேர்த்தார். கட்சி மாநாட்டில் கென்னடியை எதிர்த்து போட்டியிட்டு ரெண்டாவது இடம் வந்தவர் ஜான்சன்.

இந்த அறிவிப்பைக் கேட்டு தொழிற்சங்க தலைவர்கள் கொதித்துப் போனார்கள். கறுப்பின மக்களின் உரிமை மசோதாக்களை நாடாளுமன்றத்தில் பல வருஷம் எதிர்த்து ஓட்டு போட்டவர் ஜான்சன் என்பதும் ஒரு காரணம்.

கென்னடியின் கணக்கு பலித்தது. டெக்சாசில் இருந்த 24 எலெக்டர் ஓட்டுகளும் சுமார் 46 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் அவருக்கு கிடைத்தன. நாடு முழுக்க சேர்த்து பார்த்தாலும் கென்னடிக்கும், நிக்சனுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு லட்சத்து சொச்சம் ஓட்டுதான்.

"பில்லி சூனியம்" என்றவர் வலதுகரம் ஆனார்

1980-ல் நடந்தது இன்னும் சுவாரசியம். குடியரசு கட்சியில் ரொனால்டு ரீகனும், ஜார்ஜ் புஷ்சும் மோதினார்கள். வரியைக் குறைத்தால் நாடு செழிக்கும் என்றார் ரீகன். இது பொருளாதாரம் இல்லை, பில்லி சூனியம் என்று கிண்டல் அடித்தார் புஷ். கருக்கலைப்பு விஷயத்திலும் ரெண்டு பேருக்கும் ஏகப்பட்ட கருத்து வேறுபாடு.

ஜூலை மாதம் டெட்ராய்ட் மாநாட்டில் ரீகன் கூப்பிட்டதும் புஷ் வந்தார். பழைய பேச்சை மூட்டை கட்டி வைத்தார். ரீகன் கொள்கையே தன் கொள்கை என்றார். இந்த ஜோடி 44 மாநிலங்களில் ஜெயித்தது. 8 வருஷம் விசுவாசமாக துணை அதிபர் பதவி வகித்த புஷ், 1988-ல் அதிபர் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

கதை அதோடு முடியவில்லை. புது வரி போடவே மாட்டேன் என்று அந்த தேர்தலில் வாக்குறுதி கொடுத்தவர், 1990-ல் பற்றாக்குறையைக் காரணம் காட்டி வரியை ஏற்ற சம்மதித்தார். சொந்த கட்சியினரே துரோகம் என்றார்கள். 1992 தேர்தலில் புஷ் தோற்றுப்போனார். பத்து வருஷம் தூங்கிய பழைய கருத்து, அதிகாரம் கைக்கு வந்ததும் முழித்துக்கொண்டது.

2024-லும் இப்படி ஒரு ஜோடி அமைந்தது. 2016 தேர்தல் நேரத்தில், நான் ஒருபோதும் டிரம்ப் ஆள் இல்லை என்று சொன்னவர் ஜே.டி.வான்ஸ். சில வருஷத்தில் அப்படியே மாறி, அன்று பேசியது தப்பு என்று வருத்தம் தெரிவித்தார். 2024 ஜூலை 15-ந் தேதி அதே டிரம்ப் அவரை துணை அதிபர் வேட்பாளர் ஆக்கினார். நவம்பரில் 312 எலெக்டர் ஓட்டுகளுடன் ஜோடி ஜெயித்தது.

கமலா, புஷ், வான்ஸ் மூன்று பேர் கதையிலும் ஒரு விஷயம் பொதுவானது. இறங்கி வந்தது ரெண்டாவது ஆள்தான். பைடன் பக்கம் வந்த பிறகு கமலா, எரிவாயு தொழிலுக்கு தடை வராது என்று 2020 தேர்தல் விவாதத்தில் தன் வாயாலேயே சொன்னார். முதல் ஆள் கொள்கைதான் ஆட்சியின் கொள்கை. ரெண்டாவது ஆள் தன் கொள்கையை வாசலில் செருப்போடு சேர்த்து கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர முடியும்.

அப்படியானால் பிரச்சினையே இல்லையே என்று தோன்றலாம். முதல் ஆள் உயிரோடு இருக்கும் வரை பெரிய பிரச்சினை இல்லை என்பது உண்மைதான்.

31 நாளில் தலைகீழ்

1840-ம் ஆண்டு விக் கட்சி வில்லியம் ஹாரிசனை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. தென் மாநில ஓட்டுக்காக வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜான் டைலரை ஜோடி சேர்த்தார்கள். டைலர் ஒரு காலத்தில் எதிர்க்கட்சியில் இருந்தவர். விக் கட்சியினர் தேசிய வங்கி வேண்டும் என்றவர்கள். மத்திய அரசுக்கு அந்த அதிகாரமே கிடையாது என்பது டைலரின் கொள்கை. ஜெயிக்கிற அவசரத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1841 மார்ச் 4-ந் தேதி ஹாரிசன் பதவி ஏற்றார். ஏப்ரல் 4-ந் தேதி இறந்துபோனார். ஆட்சி செய்தது 31 நாள்.

அதிபர் ஆன டைலர், விக் கட்சி நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய வங்கி மசோதாவை திருப்பி அனுப்பினார். மாற்றி எழுதி கொண்டு வந்தார்கள். அதையும் திருப்பி அனுப்பினார். செப்டம்பர் மாதம் ஒருவரைத் தவிர மந்திரிகள் அத்தனை பேரும் ராஜினாமா செய்தார்கள். அதிபரையே கட்சியை விட்டு நீக்கினார்கள். ஆனால் நாற்காலியை விட்டு நீக்க முடியவில்லை. மீதி இருந்த ஏறக்குறைய 4 வருஷமும் கட்சி இல்லாத அதிபராக டைலர் ஆட்சி நடத்தினார்.

விக் கட்சிக்கு ஓட்டு போட்டவர்கள், தாங்கள் ஓட்டு போட்ட கொள்கைக்கு நேர் எதிரான ஆட்சியைப் பார்த்தார்கள். ஓட்டுச்சீட்டில் டைலர் பெயரும் இருந்ததே என்று அவர்களால் யாரிடமும் முறையிட முடியவில்லை.

நிலம் பறிபோன கண்ணீர் கதை

டைலர் கதையில் நஷ்டம் கட்சிக்கு. 1864-ல் சேர்ந்த ஜோடியால் நஷ்டப்பட்டது ஏழை ஜனங்கள்.

அப்போது வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப்போர் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறையை ஒழிக்கப் போராடிய அதிபர் ஆபிரகாம் லிங்கன் ரெண்டாவது தடவை தேர்தலைச் சந்தித்தார். முதல் தடவை அவரோடு துணை அதிபராக இருந்தவர் ஹானிபல் ஹாம்ளின். அடிமை முறையை கடுமையாக எதிர்த்தவர். ஆனால் 1864-ல் அவரைக் கழற்றி விட்டார்கள். பதிலாக வந்தவர் ஆண்ட்ரூ ஜான்சன்.

ஜான்சன் எதிர்க்கட்சியான ஜனநாயக கட்சிக்காரர். தெற்கில் உள்ள டென்னசி மாநிலத்துக்காரர். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். பிரிந்துபோன மாநிலங்களின் செனட்டர்களில் நாட்டை விட்டு விலகாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். நாடு உடையக்கூடாது என்பதில் லிங்கனும், ஜான்சனும் ஒன்று. விடுதலையான கறுப்பின மக்களுக்கு என்ன உரிமை கொடுப்பது என்பதில் ரெண்டு பேருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

எல்லா கட்சியும் எங்கள் பக்கம் என்று காட்ட இந்த ஜோடி உதவியது. 212 எலெக்டர் ஓட்டுடன் ஜெயித்தார்கள். எதிர்த்து நின்றவருக்கு கிடைத்தது வெறும் 21.

1865 ஏப்ரல் 14-ந் தேதி லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். 42 நாள் மட்டுமே துணை அதிபராக இருந்த ஜான்சன் அதிபர் ஆனார்.

அதற்கு 3 மாதத்துக்கு முன்புதான், ஜனவரி மாதம், ராணுவ தளபதி ஷெர்மன் ஒரு உத்தரவு போட்டிருந்தார். தெற்கு கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா கடலோரத்தில் முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய நிலத்தை, விடுதலையான அடிமைகளுக்கு குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கொடுக்கலாம் என்றது அந்த உத்தரவு. சுமார் 40 ஆயிரம் பேர் அங்கே குடியேறினார்கள். தலைமுறை தலைமுறையாக சம்பளம் இல்லாமல் உழைத்த மண்ணில், முதல் தடவையாக தங்களுக்காக விதைத்தார்கள்.

புது அதிபர் ஜான்சன், பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு கொடுத்தார். நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

1865 அக்டோபரில் எடிஸ்டோ தீவுக்கு ஜெனரல் ஹோவர்ட் அனுப்பப்பட்டார். தேவாலயத்தில் கூடி இருந்த ஜனங்களிடம், நிலத்தை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் வேலை அவருக்கு. விஷயம் புரிந்ததும் கூட்டம் கொதித்தது. ஒரு பெண் சோகப்பாட்டு ஒன்றை எடுக்க, எல்லோரும் சேர்ந்து பாடியதாக ஹோவர்ட் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்கென்று நிலம் இல்லாவிட்டால் இந்த விடுதலைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு ஜனங்கள் அதிபருக்கு மனு எழுதினார்கள். மனு பலிக்கவில்லை. நிலத்தை இழந்தவர்கள் பலர், அதே நிலத்தில் கூலிக்கும், வாரத்துக்கும் வேலை பார்க்க வேண்டி வந்தது.

கறுப்பின மக்களுக்கு குடியுரிமை தரும் மசோதாவையும் ஜான்சன் 1866-ல் திருப்பி அனுப்பினார். அவரை மீறி நாடாளுமன்றம் அதை சட்டம் ஆக்கியது. 1868-ல் அவர் மீது பதவி நீக்க விசாரணையே நடந்தது. செனட் சபையில் ஒரே ஒரு ஓட்டு குறைந்ததால் தப்பித்தார்.

1864-ல் இந்த ஜோடியை சேர்த்து வைத்தவர்கள் தேர்தல் நாளைத்தான் யோசித்தார்கள். அந்த கணக்கில் எடிஸ்டோ தீவு விவசாயிகள் இல்லவே இல்லை. அவர்களுக்கு அந்த தேர்தலில் ஓட்டுரிமையும் இல்லை.

இன்னொரு ஜான்சன் செய்த அதிசயம்

சரி, கொள்கை வேறான ஆள் வந்தாலே நாசம்தானா? அப்படியும் சொல்ல முடியாது.

1963 நவம்பர் 22-ந் தேதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். தொழிற்சங்கங்கள் எந்த லிண்டன் ஜான்சனைப் பார்த்து பயந்தனவோ, அவர் அதிபர் ஆனார். 5 நாள் கழித்து நாடாளுமன்றத்தில் பேசிய அவர், கென்னடி கொண்டு வந்த உரிமை மசோதாவை நிறைவேற்றுவதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்றார். கென்னடியால் முடியாததை முடித்துக் காட்டினார். 1964 ஜூலை 2-ந் தேதி மசோதா சட்டம் ஆனது. கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பாதுகாக்கும் சட்டம் 1965-ல் வந்தது. முதியோருக்கான மருத்துவ காப்பீடும் அதே வருஷம் வந்தது.

ஒரே பெயர் கொண்ட ரெண்டு பேர். ரெண்டு பேரும் தென் மாநிலம். ரெண்டு பேரும் படுகொலைக்குப் பிறகு பதவிக்கு வந்தவர்கள். விளைவு மட்டும் தலைகீழ்.

காரணம் மனசாட்சி மட்டும் இல்லை. லிண்டன் ஜான்சன் ஒரு வருஷத்துக்குள் தேர்தலைச் சந்திக்க வேண்டி இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் போன்ற தலைவர்களின் பின்னால் லட்சக்கணக்கான மக்கள் தெருவில் நின்றார்கள். ஆண்ட்ரூ ஜான்சனுக்கோ ஏறக்குறைய 4 வருஷம் கையில் இருந்தது. அவரைத் தட்டிக்கேட்க வேண்டிய ஜனங்களுக்கு ஓட்டே இல்லை. துணையாக வந்தவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை, கீழே இருப்பவர்களின் பலமும் சேர்ந்துதான் முடிவு செய்தது.

நடக்காமல் போன கல்யாணங்கள்

பேச்சுவார்த்தையோடு நின்றுபோன ஜோடிகளும் உண்டு. 2004-ல் ஜனநாயக கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி, எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்கைனை தன் ஜோடியாக்க முயன்றார். மெக்கைன் மறுத்துவிட்டார்.

நாலே வருஷத்தில் மெக்கைனுக்கே அதே ஆசை வந்தது. 2008-ல் குடியரசு கட்சி வேட்பாளர் ஆன அவர், ஜோ லீபர்மேனை ஜோடி சேர்க்க நினைத்தார். லீபர்மேன் 2000-ம் ஆண்டு தேர்தலில் ஜனநாயக கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். ஈராக் போரில் ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து. கருக்கலைப்பில் நேர் எதிர் கருத்து. கட்சி மாநாட்டிலேயே கலகம் வெடிக்கும் என்று ஆலோசகர்கள் தடுத்துவிட்டார்கள். சாரா பேலினை நிறுத்திய மெக்கைன், ஒபாமாவிடம் தோற்றார். லீபர்மேனை நிறுத்தாமல் போனேனே என்று 2018-ல் தன் புத்தகத்தில் வருத்தப்பட்டு எழுதினார்.

உண்மையான கொள்கை மோதல் எப்படி இருக்கும் என்று காட்டியது இன்னொரு பேச்சு. 2007-ல் அதிபர் வேட்பாளர் ஆக முயன்ற ஜனநாயக கட்சியின் டென்னிஸ் குசினிச், குடியரசு கட்சியின் ரான் பாலை தன் ஜோடியாக யோசிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். ரெண்டு பேரும் ஈராக் போரை எதிர்த்து ஓட்டு போட்டவர்கள். மக்களை வேவு பார்க்க அரசுக்கு அதிகாரம் தந்த சட்டத்தையும் எதிர்த்தவர்கள்.

அதைத் தாண்டினால் ஒருவர் கிழக்கு, ஒருவர் மேற்கு. அரசே எல்லோருக்கும் மருத்துவ காப்பீடு தர வேண்டும் என்பவர் குசினிச். அரசாங்கம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, வருமான வரியே கூடாது என்பவர் ரான் பால். ரான் பால் தரப்பு இந்த யோசனையை ஏற்கவில்லை.

இந்த ஜோடி ஜெயித்திருந்தால் என்ன ஆகி இருக்கும்? முதல் நாள் ராணுவத்தை திரும்பக் கூப்பிடுவதில் ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்து போட்டிருப்பார்கள். ரெண்டாவது நாள் ஒரு கூலித்தொழிலாளி வீட்டு ஆஸ்பத்திரி பில் மேஜைக்கு வந்திருக்கும். அதை யார் கட்டுவது? அரசு என்பார் ஒருவர், அவரவர் பாடு என்பார் இன்னொருவர். வேண்டாததில் ஒத்துப்போகிறவர்கள், வேண்டியதில் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கொள்கை ஒன்று, முடிவு வேறு

கொள்கை ஒத்துப்போனாலும் ஜோடி உடையும் என்பதற்கு 2021 ஜனவரி 6-ந் தேதி சாட்சி. டிரம்ப்பும், மைக் பென்சும் 4 வருஷம் ஒரே குரலில் பேசியவர்கள். 2020 தேர்தலில் தோற்றபிறகு, நாடாளுமன்றத்தில் ஓட்டுக் கணக்கை ஏற்கக்கூடாது என்று டிரம்ப் நெருக்கினார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பென்ஸ் மறுத்தார். நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கும்பல் பென்சை தூக்கில் போடு என்று கத்தியது. 2024 தேர்தலில் டிரம்ப்பை ஆதரிக்க மாட்டேன் என்று பென்ஸ் அறிவித்தார். பென்சிடம் ஒத்துப்போகாமல் நின்றது கொள்கை இல்லை, சட்டத்துக்கு கட்டுப்படும் குணம்.

முடியுமா, முடியாதா?

முடியும். ஜெயிக்கவும் முடியும். 1864, 1960, 1980, 2020, 2024 எல்லாமே சாட்சி. ஆனால் சேர்ந்ததால் மோதல் தீர்ந்தது என்று நினைத்தால் அது ஏமாற்றம். மோதலை தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான். முதல் ஆள் இருக்கும் வரை ரெண்டாவது ஆளின் கொள்கை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். முதல் ஆள் போய்விட்டால் பீரோ சாவி அவர் கையில்.

அது அபூர்வமாக நடக்கிற விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2025 வரை அமெரிக்காவில் அதிபர் பதவி வகித்தவர்கள் 45 பேர். இதில் 9 பேர் முதல் ஆளின் மரணத்தாலோ, ராஜினாமாவாலோ நடுவழியில் பதவிக்கு வந்த துணை அதிபர்கள். அதாவது அஞ்சு பேரில் ஒருவர்.

அதனால் இப்படி ஒரு ஜோடி ஓட்டு கேட்டு வரும்போது ஜனங்கள் மூன்று கேள்வி கேட்கலாம். இவர்கள் சண்டை போட்டது நாற்காலிக்காகவா, கொள்கைக்காகவா? நாற்காலி சண்டை என்றால் பயம் இல்லை, அது நாற்காலி கிடைத்ததும் ஆறிவிடும். கொள்கை சண்டை என்றால், இப்போது யார் எதை விட்டுக் கொடுத்தார்? கடைசி கேள்விதான் முக்கியம். நாளைக்கே முதல் ஆள் இல்லை என்றால், ரெண்டாவது ஆள் கையெழுத்தில் நம்ம வீடு, நிலம், கூலி, ஆஸ்பத்திரி என்ன ஆகும்?

லிங்கன் காலத்து தேர்தல் மேடையில் இந்தக் கேள்வியை யாராவது உரக்கக் கேட்டிருந்தால், எடிஸ்டோ தீவு ஜனங்களின் 40 ஏக்கர் ஒருவேளை அவர்கள் பேரன் பேத்திகளுக்கு வந்து சேர்ந்திருக்கும்.